பூச்சியத்தில் இருட்டு

விசாரணை பிற்பகல் மூன்று மணிக்கு. தீர்ப்பு பகல் ஒரு மணிக்கே பெற்றீசியாவின் கையில் இருந்தது.

ஒரு மூலையில் மை கசிந்து, கசக்கி எறியப்பட்டு, மறுபடி நீவி விடப்பட்ட தாள். அவள் அதை உரக்கப் படித்தாள்.

"'விசாரணைக் குழு சகல சாட்சியங்களையும் கவனமாக ஆராய்ந்து, செல்வி றொசானா பத்திநாதன் தமது பெறுபேறுகளைப் போலியாகத் தயாரித்துள்ளார் என ஏகமனதாக முடிவு செய்துள்ளது.' திகதி, இன்னைக்கு. நேரம், மாலை நாலரை. கீழே ரெண்டு கையெழுத்து."

"இவங்க வீட்டுல அரிசி களையிறதுக்கு முன்னாடியே ஏப்பம் விட்டுருவாங்க போல" என்றான் றிஷாத்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவனுடைய கைப்பேசி திருத்தும் கடை. கடைக்குப் பின்னால் ஒரு மேசை, இரண்டு கதிரை. அதுதான் பெற்றீசியாவின் துப்பறியும் அலுவலகம். பத்தொன்பது வருடம் பொலிஸ் சார்ஜன்டாக இருந்தவள். ஒருநாள் மேலதிகாரியின் மேசையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள். ஏன் என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை பதில் கிடைத்ததில்லை. மறுபடி கேட்கும் தைரியமும் வந்ததில்லை.

எதிரே நின்ற பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது. நோர்வூட் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, இன்னும் ஆறு மாதத்தில் கலாநிதிப் பட்டம் வாங்க வேண்டியவள். அழுதுகொண்டு வந்திருந்தால் உட்காரச் சொல்லியிருப்பார்கள். அவள் வந்த கோபத்தைப் பார்த்து றிஷாத்தே எழுந்து நின்றுவிட்டான்.

"பட்டம் போனா போகட்டும் அக்கா" என்றாள் றொசானா. "கள்ளின்னு பேர் எடுத்துட்டு நான் எந்த ஆய்வுகூடத்துக்குப் போவேன்? வாசல்லயே அடையாளம் சொல்லுவாங்க."

"உட்காரு. நீ செஞ்சது என்னன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. இவனுக்குப் புரியணும்னு கட்டாயமில்ல."

"நன்றி அக்கா" என்றான் றிஷாத்.

றொசானா மேசையில் கிடந்த ஒட்டுத்தாளை எடுத்தாள். "மொலிப்டினம் டைசல்பைடுன்னு ஒரு கல்லு இருக்கு. அடுக்கடுக்கா உரியும். உரிச்சு உரிச்சுப் போனா கடைசியில அணுக் கணக்குல மெல்லிசான ஒரே ஒரு அடுக்கு. அது குறைகடத்தி. கண்ணுக்குத் தெரியாத சிவப்பு லேசரை அதுமேல அடிச்சா நீலமாத் திருப்பிக் குடுக்கும். உள்ள போறது ஒரு நிறம், வெளிய வர்றது வேற நிறம்."

"எங்க மச்சான் மாதிரி. வெள்ளைச் சட்டையோட கல்யாண வீட்டுக்குப் போவான்..."

"டேய்!" என்றாள் பெற்றீசியா.

"அந்த ஒரு அடுக்கை ரெண்டாக் கிழிச்சு, திருப்பாம, அப்படியே ஒன்னு மேல ஒன்னு வைப்பேன். ரெண்டும் ஒரே பக்கம் தலை வச்சுப் படுத்த மாதிரி. அப்ப நீலம் இன்னும் பிரகாசமா வரும். அதை ஒரு சில்லுல ஏத்தி, தங்கக் கம்பி இழுத்து, மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கத் திருப்புற குமிழ் ஒன்னு போட்டேன். குமிழ் பூச்சியத்தில இருந்தா நீலம் பளிச்சுன்னு எரியும். திருப்பத் திருப்ப மங்கும். வெளிச்சம் என் விரலுக்குக் கட்டுப்படும். அதுதான் அக்கா என் மூணு வருஷம்."

"உன்னைக் கள்ளின்னு சொன்ன அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

றொசானா ஒட்டுத்தாளைக் கசக்கினாள். "போயா, பௌர்ணமி லீவு, அதுக்கு மறுநாள் காலை. வெளிநாட்டு ஆளுங்க நாலு பேரு, பேராசிரியர் மதுரன், டைரக்டர் கஜேந்திரன் சார், எல்லாரும் என் சில்லைப் பாக்க நிக்கிறாங்க. பூச்சியத்தில வச்சேன். இருட்டு! திரையில ஒன்னுமே வரல. உடனே டைரக்டர், 'போதும், நிறுத்துங்க, மானம் போகுது'ன்னாரு. நான் கையை எடுத்துட்டேன். எங்க டெக்னீசியன் கிஷாந்த் மட்டும் பொறுக்காம குமிழை முழுசாத் திருப்பினான்."

"திருப்பினதும்?"

"மங்கலா ஒரு நீலப் புள்ளி. தூசின்னுட்டாங்க."

"குமிழைக் குறைச்சப்ப?"

"அதுவும் போயிருச்சு."

றிஷாத் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். முதன்முறையாக அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"தங்கச்சி, நான் பன்னெண்டு வருஷமா செத்த போனைத் திறந்து பாக்கிறவன். பழுதுன்னா எந்தப் பொத்தானுக்கும் கேக்காது. இது கேட்டிருக்கு. கூட்டினா வருது, குறைச்சா போகுது. ஒழுங்கான பிள்ளை. ஆனா உங்க வீட்டுப் பிள்ளை இல்ல."

றொசானா அவனையே பார்த்தாள். பிறகு மேசையில் ஓங்கி அறைந்தாள். ஸ்க்ரூ டப்பா குதித்தது.

"கல்லுல இருந்து நேரா உரிச்ச ரெட்டை அடுக்கு! அதுல ரெண்டும் தலைமாடு கால்மாடாத்தான் கிடக்கும், லயத்துக் காம்பராவில இடம் பத்தாம நாங்க படுக்கிற மாதிரி. ஒன்னு குடுக்கிற நீலத்தை மத்தது அழிச்சிரும். பூச்சியத்தில இருட்டு. மின்சாரம் குடுத்தா அந்தச் சமநிலை குலையும், மங்கலா வரும். அதேதான்! மைக்ரோஸ்கோப்ல பார்த்தா என்னோடதும் ரெண்டு அடுக்கு, அதுவும் ரெண்டு அடுக்கு. வித்தியாசமே தெரியாது. ஐயோ, இது எனக்கு ஏன் தோணல?"

"உன்னைக் கள்ளின்னு கூப்பிட்டாங்க. அதுக்குப் பதில் சொல்றதுலயே உன் மூளை தீர்ந்துபோச்சு. அதுக்காகத்தான் அப்படிக் கூப்பிடுறது" என்றாள் பெற்றீசியா. "ரெட்டை அடுக்கு யார்கிட்ட இருக்கும்?"

றொசானா ஸ்க்ரூ டப்பாவை நிமிர்த்தி வைத்தாள்.

"கிஷாந்த் பயிற்சிக்காகச் செஞ்சு வைப்பான். ஆனா அவன் இல்ல அக்கா."

"நானும் அவன்னு சொல்லல. மாத்தி வச்சவனா இருந்தா, டைரக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் குமிழைத் திருப்பி வெளிச்சத்தைக் காட்டுவானா? கும்பிட்டுட்டு விலகியிருப்பான்." பெற்றீசியா கடிதத்தை ஆட்டினாள். "இந்தத் தாளை யாரு குடுத்தது?"

"காளியாயி அக்கா. ஆய்வுகூடம் கூட்டுறவங்க. டைரக்டர் ரூம் குப்பைக் கூடையில கிடந்துச்சாம்."

பெற்றீசியா எழுந்தாள்.

"றிஷாத், ஓட்டோவை எடு. ஒரு மனுஷன் பொய் சொல்லாத இடம் ஒன்னே ஒன்னுதான். அவனோட குப்பைக் கூடை."

*

தலவாக்கலை தாண்டி, மூடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஆய்வுகூடமாக மாற்றியிருந்தார்கள். கொழுந்து வாட்டிய மாடியில் இப்போது லேசர் மேசைகள். முன்பக்கம் கண்ணாடி. பின்பக்கம் பழைய பொயிலர் கொட்டில், அதே தகரம், அதே துரு.

காளியாயிக்கு ஐம்பத்தைந்து இருக்கும். இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்துவிட்டு, இடுப்பு விட்டுப் போனதால் விளக்குமாறு பிடித்தவள். பெற்றீசியா டைரக்டர் அறைக் குப்பையைக் கேட்டதும் பொயிலர் கொட்டிலின் கதவைத் திறந்தாள்.

உள்ளே நாற்பது ஐம்பது பொலித்தீன் பைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சேலைக் கிழிசல் முடிச்சு. மஞ்சள், பச்சை, கருநீலம், சிவப்பு.

"அல்லாஹ்வே! புடவைக் கடையில குப்பை விக்கிறாங்களா, குப்பைக் கடையில புடவை விக்கிறாங்களா?" என்றான் றிஷாத்.

காளியாயி சிரிக்கவில்லை.

"போன வருசம் என்னமோ சில்லு காணாமப் போச்சுன்னாங்க. காளியாயி கூட்டிக் கொட்டிட்டான்னு காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நிக்கிற மாதிரி என்னய நிக்க வச்சுக் கேட்டாங்க. மூணு நாளு. கடைசியில அது அவங்க மேசை லாச்சியிலயே கெடந்துச்சு. ஒரு மனுசன் மன்னிப்புன்னு ஒரு வாத்த கேக்கல. அன்னைக்கு முடிவு பண்ணேன்." அவள் ஒரு முடிச்சைத் தொட்டாள். "கொழுந்துச் சாக்கு நெறுவைக்குப் போறப்ப எங்க சாக்குக்கு நாங்க அடையாளத் துணி கட்டுவோம். இல்லாட்டி என் கொழுந்து அடுத்தவ பேருல ஏறிரும். அதே கணக்குத்தான். ஒவ்வொரு ரூம்புக்கும் ஒரு துணி. ஒரு மாசம் வச்சிருந்துதான் எரிப்பேன். யாராச்சும் என்னயச் சொன்னா, இந்தா பாரு உன் குப்பைன்னு மூஞ்சியில கொட்ட."

"விசாரணையில உங்களக் கேட்டாங்களா?"

"கூட்டுறவள யாரும்மா கேப்பா?"

"நான் கேக்கிறேன். போயா அன்னைக்கு டைரக்டர் ரூம்?"

காளியாயி சிவப்புத் துணிப் பைகளில் ஒன்றை இழுத்தாள். "போயாவுக்கு மொத நாளு அந்திக்குக் கூடைய வெறுமனே வச்சுட்டுப் போனேன். போயாவுக்கு ஆய்வுகூடம் பூட்டு. மறுநாளு வெள்ளனா வந்து பாத்தா இதுக கெடக்கு."

ஒரு காகிதக் கோப்பை. இரண்டு பிஸ்கட் உறை. அப்புறம், நகத்தால் சுரண்டி உரித்த ஒரு சிறு லேபல், கசங்கிச் சுருண்டு, ஓரத்தில் ஒட்டுப்பசையோடு. றிஷாத் அதைப் பொறுமையாக விரித்தான்.

'பயிற்சி 14. இரண்டு அடுக்கு. கல்லில் இருந்து.'

"கிஷாந்த் எழுத்து" என்றாள் றொசானா.

"எழுத்து அவனோடது. உரிச்ச நகம் வேற ஆளோடது" என்றாள் பெற்றீசியா. "பயிற்சின்னு எழுதியிருக்கவும், இது ஒன்னுக்கும் ஆகாத செத்த சில்லுன்னு டைரக்டர் நினைச்சு, உன்னோடதை எடுத்துட்டு இதை அங்க வச்சிருக்காரு. பார்த்தாலும் ரெண்டு அடுக்கு, யாருக்கும் சந்தேகம் வராது. தேயிலைக் கம்பெனியில முப்பது வருஷம் இருந்த மனுஷன்! வாயில வச்சுப் பாக்காம தூளுக்குத் தரம் சொல்லமாட்டாரு. இங்க வந்து கண்ணால பார்த்தே முடிச்சிட்டாரு."

"அக்கா, அவரு இன்னைக்கு ராத்திரி சிங்கப்பூர் போறாரு. மாநாடு. நாலரைக்கு இங்கயிருந்தே கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு" என்றாள் றொசானா.

பெற்றீசியா மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது.

"அதான் கடிதத்துல நாலரை. காளியாயி அக்கா, அந்தப் பையைத் தூக்கிக்கிட்டு என்கூட வாங்க. முன்பக்க வாசலால."

*

நீண்ட மேசை. ஒரு பக்கம் டைரக்டர் கஜேந்திரன், சாம்பல் நிறக் கோட்டு, கழுத்துப்பட்டி. நடுவில் கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர் மதுரன். ஓரத்தில் கிஷாந்த், நகம் கடித்தபடி. றொசானாவுக்கு ஒரு கதிரை. காளியாயிக்கு இல்லை. அவள் கதவோரம் பையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இது உள் விசாரணை. இவர்கள் யார்?" என்றார் மதுரன்.

"என் சாட்சிங்க" என்றாள் றொசானா.

பெற்றீசியா மை கசிந்த கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். "இது உங்க கையெழுத்தா சார்?"

பேராசிரியரின் காது சிவந்தது. "இது... ஒரு வரைவு. நேரத்தை மிச்சப்படுத்த..."

"ஒரு பிள்ளையோட மூணு வருஷத்தைக் கொளுத்தி உங்க அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கிறீங்க! நல்லா இருக்கு. சரி, சில்லைக் கொண்டுவந்து லேசர்ல வைங்க. ஒரே ஒரு தடவை."

கஜேந்திரன் புன்னகைத்தார். "தாராளமாக. அன்று பார்த்த இருட்டையே இன்றும் பார்க்கலாம்."

கிஷாந்த் சில்லைப் பொருத்தினான். பூச்சியம். திரை இருட்டு. பெற்றீசியா தலையசைத்ததும் குமிழை மெல்ல ஏற்றினான். மங்கலாக நீலம். இறக்கினான். இருட்டு. ஏற்றினான். நீலம்.

பேராசிரியர் மதுரன் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"தூசி குமிழுக்குக் கட்டுப்படாதே" என்றார் தனக்குள். பிறகு உரக்க, "இது இயற்கையான இரட்டை அடுக்கு. றொசானாவின் சில்லு அல்ல. அன்றே நான் இதைக் கவனித்திருக்க வேண்டும்."

"கவனிச்சிருக்கணும்" என்றாள் றொசானா. 'சார்' என்ற சொல்லை அவள் சேர்க்கவில்லை.

கஜேந்திரன் அசையவில்லை. "அப்படியென்றால் வேறு சில்லு ஒன்று இருந்ததே இல்லை என்று அர்த்தம். இங்கிருந்து ஒரு குண்டூசிகூட வெளியே போகாது. கேட்டில் வாச்சர் பையைச் சோதிக்காமல் யாரையும் விடுவதில்லை. என் உத்தரவு."

பெற்றீசியா லேபலை மேசையில் வைத்தாள். "பயிற்சி பதினாலு. போயா அன்னைக்கு உங்க ரூம் கூடையில விழுந்தது. பயிற்சிச் சில்லு வைக்கிற லாச்சியில பதினாலைக் காணோம். கிஷாந்த், சரிதானே?"

"ஓம் மேடம். பதிமூணுக்குப் பிறகு பதினஞ்சுதான் இருக்கு."

கஜேந்திரனின் முகம் ஒரு கணம் வெறுமையானது. அடுத்த கணம் அவர் விரல் கதவை நோக்கி நீண்டது.

"என் அறைச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம். மற்றது அவளிடம்! பேராசிரியர், இந்தப் பொம்பிளை போன வருடமும் சில்லு காணாமல் போன விஷயத்தில் சம்பந்தப்பட்டவள். எடுத்துக்கொண்டு போய் யாருக்கோ கொடுத்துவிட்டு, குப்பையை என் கூடையில் போட்டிருக்கிறாள். தோட்டத்து ஆட்களை உள்ளே விட வேண்டாம் என்று நான் ஆரம்பத்திலேயே..."

றொசானா பாய்ந்து எழுந்தாள். றிஷாத் அவள் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"இருங்க தங்கச்சி. அவரே குழி வெட்டுறாரு. மம்பட்டியப் புடுங்காதீங்க."

பெற்றீசியா நிதானமாகப் பேசினாள். அந்த நிதானம் கத்தலை விட மோசமாக இருந்தது.

"காளியாயி அக்கா, உங்க பையைத் தினமும் சோதிக்கிறாங்களா?"

"சோத்து டப்பா மூடியத் தொறந்து கரண்டியால கிண்டிப் பாப்பாங்க. வெத்தலப் பையக் கவுத்துக் கொட்டுவாங்க. மழையில நிப்பாட்டி."

"றொசானா?"

"தினமும்."

"கிஷாந்த்?"

"சப்பாத்து வரைக்கும் மேடம்."

"அப்ப உங்க உத்தரவுப்படியே, சார், இவங்க மூணு பேரும் ஒரு குண்டூசிகூடக் கொண்டு போகல. நீங்கதான் இப்ப சொன்னீங்க. இந்தக் கட்டடத்துல சோதிக்காம வெளிய போற பை ஒன்னே ஒன்னுதான். அது இப்ப எங்க இருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே, படிக்கட்டருகில், கறுப்புக் கார். டிக்கி ஏற்கனவே பூட்டப்பட்டிருந்தது.

"அது என்னுடைய தனிப்பட்ட..."

"சாவி" என்றார் பேராசிரியர் மதுரன், கையை நீட்டி.

முற்றத்தில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. கேட்டிலிருந்து கூப்பிடப்பட்ட வாச்சர் திறந்த டிக்கிக்கு முன்னால் வந்து நின்றான். கை நீளவில்லை. காரைப் பார்த்தான், கஜேந்திரனைப் பார்த்தான், தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"தொரையோட பைங்க... நான் எப்படிங்க..."

காளியாயி அவனை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என் சோத்துல கரண்டி விட்டுக் கிண்டுறப்ப அந்தக் கை எப்படிடா நீண்டுச்சு? அதே கைதானே? நீட்டு!"

வாச்சர் நீட்டினான். சட்டைகள், மாநாட்டுக் கோப்பு, சவரப் பை, மூக்குக் கண்ணாடிக் கூடு. கூட்டுக்குள் கண்ணாடி இல்லை. தீப்பெட்டியளவு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. பெயரில்லை. மூடியில் லேபல் உரித்த பசைத் தடம் மட்டும்.

றிஷாத் 'பயிற்சி 14' லேபலை அந்தத் தடத்தின் மேல் வைத்தான். மூலைக்கு மூலை பொருந்தியது.

"அளவெடுத்துத் தச்ச சட்டை" என்றான்.

மாநாட்டுக் கோப்பின் முதல் பக்கத்தைப் பெற்றீசியா திருப்பினாள். 'அணு அடுக்குகளில் ஒளியைக் கட்டுப்படுத்தல்' என்ற தலைப்பின் கீழே கஜேந்திரனின் பெயர் மட்டும் இருந்தது. அவள் அதை றொசானாவிடம் நீட்டினாள். றொசானா அதை வாங்கவில்லை. சில்லுப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

பூச்சியம்.

திரையில் நீலம் வெடித்தது. கிஷாந்த் கண்ணைச் சுருக்கினான். றொசானா குமிழைத் திருப்பினாள். நீலம் தணிந்தது. திரும்பக் கொண்டுவந்தாள். பளிச். அவள் விரல் சொன்னதை அது கேட்டது.

கீழே கஜேந்திரன் பொலிஸ் ஜீப்புக்காகக் காத்திருந்தார். மேலே, பேராசிரியர் மதுரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மகள், மிகவும் மகிழ்ச்சி. பெரிய அநியாயம் தவிர்க்கப்பட்டது. உங்கள் பட்டத்துக்கு ஒரு தடையும் இல்லை. நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆய்வுகூடத்தின் நற்பெயரை யோசித்து, இதை நமக்குள்ளேயே..."

"போன வியாழக்கிழமை" என்றாள் றொசானா, திரும்பாமல், "நான் போலின்னு நீங்க ஒரு மின்னஞ்சல் அனுப்பினீங்க. இங்கயும் வெளிநாட்டுலயும் நாற்பத்தொரு பேருக்கு. அதுல ஒருத்தர்கூட என்னைக் கேக்கல. ஒருத்தர்கூட."

"அது வேறு சந்தர்ப்பம்..."

அவள் மேசைக் கணினியின் விசைப்பலகையை இழுத்து அவர் முன்னால் வைத்தாள். சத்தம் வந்தது.

"அதே நாற்பத்தொரு பேருக்கு. என்னைக் கள்ளின்னு சொன்ன அதே ஆட்களுக்கு. யாரு எடுத்தாங்க, எப்படி எடுத்தாங்க, நீங்க விசாரணைக்கு முன்னாடியே கையெழுத்து வச்சது, எல்லாம் எழுதுங்க. யாரு கண்டுபிடிச்சதுன்னும் எழுதுங்க. காளியாயின்னு."

"இப்போதேவா? கொழும்புக்குப் போய் ஆறுதலாக..."

"இப்பவே. நான் பக்கத்துல நிக்கிறேன்."

பேராசிரியர் பெற்றீசியாவைப் பார்த்தார். பெற்றீசியா கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்தாள். றிஷாத் ஒரு கதிரையைத் தூக்கிவந்து காளியாயிக்குப் போட்டான். அவள் உட்கார்ந்தாள்.

பேராசிரியர் மதுரன் தட்டச்சு செய்யத் தொடங்கினார். மூன்றாவது வரியில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினார்.

றொசானாவின் விரல் திரையைத் தொட்டது.

"அது தானா நேரல. அழிச்சுட்டு, 'நான் தவறு செய்தேன்'னு எழுதுங்க."

அவர் அழித்தார். எழுதினார்.